ஒரு றெக்கைக்கு எத்தனை குஞ்சு

நைனா,

நேற்றுக் காலையில் எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் ஒரு ஆள் கோழிக்குஞ்சு விற்க வந்தான். கேரியரில் மூங்கில் கூடை, அதன் மேல் வலை. எதிர்வீட்டுப் பெண் அவனை நிறுத்தினாள். அவள் வளர்க்கிற நாட்டுக்கோழி போன வாரம்தான் பொரித்திருக்கிறது. அவன் வலையை நீக்கியதும் தவிடும் ஈரமும் குஞ்சுகளின் சூடும் கலந்த அந்த வாசனை என் வாசல் வரைக்கும் வந்தது. வாசனையோடு போயிருந்தால் இந்த மடலை நான் எழுதியிருக்க மாட்டேன். அவள் கேட்டாள்: "எங்க கோழிகிட்ட ஏற்கெனவே பத்து இருக்குது. இன்னும் எத்தனை விடலாம்?"

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "எத்தினி வேணா வுடும்மா. கோழிக்கு எண்ணவா தெரியும்?"

நான் எழுந்து கேட்டுக்குப் போனேன். "மழை பிடிச்சிருக்குது. ஒண்ணுகூட விடாதே" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. அந்த ஆள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கூடையை மூடிக்கொண்டு போனான். "இன்னா டீச்சர், இதுக்குப் போயி டென்ஷன் ஆவறீங்க?" என்றாள் எதிர்வீட்டுப் பெண். உள்ளே வந்து உட்கார்ந்தேன். கோழிக்கு எண்ணவா தெரியும் என்றானே, அது உன் வார்த்தை. செஞ்சியில் நம் வீட்டுக் கொல்லையில் நின்றுகொண்டு, அதே சிரிப்போடு, அம்மாவிடம் நீ சொன்ன வார்த்தை.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னை நினைத்து அழுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் உன்னோடு சண்டை போட உட்கார்ந்திருக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டில் உன் சோடாக் கடையைத் தெரியாத ஆள் செஞ்சியில் கிடையாது. திருவண்ணாமலை பஸ்ஸில் வந்து இறங்குகிறவன் வெயிலில் தடுமாறினால், கேட்காமலே ஒரு கோலி சோடாவை உடைத்து அவன் கையில் கொடுப்பாய். மூட்டையை வைத்துவிட்டுப் போகிறேன் என்றால் சரி. ஆட்டுக்குட்டியைக் கட்டிவிட்டுப் போகிறேன் என்றாலும் சரி. "இருக்கட்டும், பாத்துக்கலாம்" என்பது உன் வாயில் எப்போதும் இருக்கும். பார்த்துக்கொண்டது யார் என்று யாரும் கேட்டதில்லை. ஆட்டுக்குட்டி கடையில் கட்டிக் கிடக்கவில்லை, நம் வீட்டுக் கொல்லையில் கிடந்தது. அதற்குத் தழை ஒடித்துப் போட்டது அம்மா.

அறுபதுகளின் நடுவில் அது. ரேஷனில் அரிசிக்குப் பதில் மைலோச் சோளம் போட்ட காலம். நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கீழே ஒரு தம்பி, அவனுக்குக் கீழே கைக்குழந்தையாகச் சின்னத்தம்பி. அம்மா கொல்லையில் நாலைந்து கோழி வைத்திருந்தாள். முட்டையும் வெடைக்கோழியும் விற்றுத்தான் என் பள்ளிக்கூடத்துத் தாவணியும் புத்தகமும் வந்தன. அடைக்கு வைப்பதில் அவள் கண்டிப்பு உனக்குத் தெரியும். கோடையில் மலைப்பாறை காய்ந்து ஊரே அடுப்பாகக் கிடக்கும்போது பன்னிரண்டு, பதிமூன்று முட்டை வைப்பாள். ஐப்பசி வந்தால் ஒன்பதுக்கு மேல் வைக்க மாட்டாள். பக்கத்து வீட்டில் கேட்டால், "அவளுக்கு றெக்க எம்மாம் அகலம்னு பாக்கணும் இல்ல" என்பாள். கோழியை அவள் எப்போதும் 'அவள்' என்றுதான் சொல்வாள்.

அந்த ஐப்பசியில் செவலைக்கோழி ஒன்பதில் எட்டைப் பொரித்திருந்தது. அப்போதுதான் அவலூர்பேட்டை சந்தைக்குப் போகிற உன் சிநேகிதர் ஒருவர், தாயைக் கீரி பிடித்துவிட்டதென்று ஒரு கூடைக் குஞ்சை உன் கடையில் இறக்கினார். "உன் வீட்ல குஞ்சுக்கோழி இருக்குது இல்ல, வுட்டுடு" என்றார். நீ வேறென்ன சொல்வாய், இருக்கட்டும் பாத்துக்கலாம் என்றாய். பொழுது சாயும்போது சோடாப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாய். பதினாலு குஞ்சு. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். செவலை இருட்டோடு அடைந்துகிடந்த நேரம் பார்த்து ஒவ்வொன்றாக அதன் வயிற்றுக்கடியில் தள்ளினாய். அது லேசாகக் கொக்கரித்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தது. "பாத்தியா, சேத்துக்கிச்சு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாய். எனக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

காலையில் அம்மா கூடையைத் திறந்தாள். செவலையின் இரண்டு பக்கமும் குஞ்சுகள் பிதுங்கிக்கொண்டிருந்தன. அம்மா உன்னை எப்போதும் 'நீங்க' என்பாள், கோபம் வந்தால் மட்டும்தான் 'நீ'.

"இன்னா பண்ணி வெச்சிருக்கிற நீ?"

"தாயில்லாத குஞ்சுடி. பாவம்."

"மழை ஊத்துது. அவ எத்தினிய மூடுவா?"

"கோழிக்கு எண்ணவா தெரியும்? எத்தினி வுட்டாலும் தன்னுதுன்னு நெனச்சிக்கும்."

"அவளுக்கு எண்ணத் தெரியாது. அதனாலதான் நாம எண்ணி வெக்கிறோம்" என்றாள் அம்மா.

நீ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டாய். அப்புறம் நடந்ததை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். மழை விடவில்லை. இருபத்திரண்டு குஞ்சுக்கும் சிறகு எட்ட வேண்டுமென்று செவலை அமர முடியாமல் பாதி நின்றபடியே கிடந்தது. ஓரத்தில் இருப்பவை உள்ளே முட்டும். உள்ளே இருந்தவை வெளியே தள்ளப்படும். நின்றுகொண்டே மூடியதால் நடுவில் இருந்தவற்றுக்கும் சூடு போதவில்லை. காலையில் ஓரத்தில் விறைத்துக் கிடந்ததில் நீ கொண்டுவந்தவையும் இருந்தன, அதன் சொந்தக் குஞ்சுகளும் இருந்தன. அம்மா சட்டியில் தணல் போட்டுச் சாக்கைச் சுற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நொய்யைப் போட்டால் செவலை கொத்திக் கொத்திக் குஞ்சுகளுக்குத்தான் போட்டது, அது தின்று நான் பார்க்கவில்லை. மழை நின்றபோது ஐந்து குஞ்சு மிச்சம். செவலைக்கு மார் எலும்பு தூக்கிக்கொண்டு நின்றது. எட்டோடு விட்டிருந்தால் ஏழு குஞ்சாவது தேறியிருக்கும் என்று அம்மா சொன்னாள்.

அப்போது உனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. செத்த குஞ்சுகளை நீயே எலுமிச்சை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தாய். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னாய்: "சரி. இனிமே உன்னக் கேக்காம எதையும் கொண்டாந்து வுட மாட்டேன்." நானும் தம்பியும் பக்கத்தில் நின்றிருந்தோம். அம்மா தலையை ஆட்டினாள். உன் வார்த்தையை அவள் நம்பினாள், நைனா.

அந்தத் தை மாதத்தில் அவலூர்பேட்டையில் அத்தை இறந்து போனாள். உன் ஒரே தங்கை. நாலாவது பிரசவம், குழந்தை பிறந்த மூன்றாம் நாள் ஜன்னி கண்டது. பெரியவன் முருகேசனுக்கு எட்டு வயசு. அடுத்து வசந்தா, நாலு வயசு. அவளுக்குக் கீழே ஒரு பெண், நடக்கத் தொடங்கியிருந்தாள். அப்புறம் அந்தப் பச்சைக் குழந்தை. மாமாவுக்கு வீட்டில் கால் தங்காது. நாலையும் அவர் வளர்க்க மாட்டார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

எடுத்த எடுப்பிலேயே வழி ஒன்று வந்தது என்பதைத்தான் நான் உனக்கு ஞாபகப்படுத்த வேண்டும். மாமாவின் அண்ணன் மனைவி சீயமங்கலத்திலிருந்து வந்திருந்தார். பிள்ளைகள் அவரைப் பெரிம்மா என்று கூப்பிடும். கொஞ்சம் நிலம் உண்டு, மாடு உண்டு, குழந்தை இல்லை. அவரே அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ரெண்டு பொண்ணுங்களயும் என்கிட்ட குடுங்கம்மா. நான் வளக்கறேன்" என்றார். அம்மா உன்னைத் தனியாக மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூப்பிட்டாள். சின்னத்தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் கூடவே இருந்தேன்.

"பால் குடிக்கிறத நான் எடுத்துக்கறேன். எனக்குப் பால் இருக்குது. பெரியவனும் நம்மகிட்ட இருக்கட்டும். பொண்ணுங்க ரெண்டையும் அந்த அக்கா ஆசையாக் கேக்கறாங்க, குடுத்துடுங்க. தோ, சீயமங்கலம் இன்னா தூரமா? நெனச்சா போயிப் பாக்கலாம்."

"பாப்போம்" என்றாய்.

"பாப்போம்னு சொல்லாதீங்க. என்னால இத்தினிதான் முடியும்."

அம்மா அதைக் கெஞ்சலாகச் சொல்லவில்லை. கிணற்றில் எத்தனை குடம் தண்ணீர் இருக்கிறதென்று சொல்வதுபோலச் சொன்னாள். நீ கேட்டுக்கொண்டுதான் நின்றாய். அதன் பிறகு பந்தலுக்குப் போனாய். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளை என்ன செய்வதென்று யாரோ கேட்டார்கள். நீ எழுந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "என் தங்கச்சி வயித்துல பொறந்ததுங்கள ஊருக்கு ஒண்ணா எறைக்க மாட்டேன். நாலும் என் வீட்ல வளரும்."

பந்தலே உன்னைப் பார்த்தது. ஒரு கிழவர் உன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மா கதவோரத்தில் நின்றிருந்தாள். அவளைத் திரும்பிப் பார்த்தது நான் மட்டும்தான். மறுநாள் பஸ்ஸில் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் நீ கண்டக்டரிடம் கதை சொல்லிக்கொண்டு வந்தாய்.

அதற்கப்புறம் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. நீ நிறுத்தவில்லை, அது உண்மை. "போவாதே" என்று நீ ஒரு நாளும் சொன்னதில்லை. ஏழு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரு பெண் காலையில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எப்படிக் கிளம்புவாள் என்பதை மட்டும் நீ யோசிக்கவில்லை. முதலில் ஒரு நாள், அப்புறம் ஒரு வாரம், அப்புறம் என் பேரை ரிஜிஸ்டரில் அடித்துவிட்டார்கள். நான் வெளுக்கிற மூத்திரத்துணி காய்வதற்குள் அடுத்தது சேர்ந்துவிடும். வசந்தா அம்மாவின் முந்தானையை விடமாட்டாள். சின்னவளுக்கு எப்போதும் சளி. என் தம்பி முருகேசனோடு தட்டுக்காகச் சண்டை போடுவான். இத்தனைக்கும் நடுவில் இரண்டு கைக்குழந்தைகள் ஒரே நேரத்தில் பசித்து அழும்.

நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன், கேள். அம்மா முதலில் அத்தையின் குழந்தையைத்தான் எடுப்பாள். அது குடித்து முடித்து மிச்சம் இருந்தால்தான் என் சின்னத்தம்பிக்கு. இல்லையென்றால் அவனுக்கு மைலோக் கஞ்சியின் தெளிவு. ஒவ்வொரு வேளையும் அப்படித்தான். "இவனுக்குப் பல்லு வரப்போவுது, தாங்கிக்குவான். அது தாங்காது" என்பாள். எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியாகச் சட்டியை வழிப்பாள். முருங்கைக்கீரையும் பூண்டும் தின்றால் பால் ஊறும் என்று சொன்னார்கள். கீரை இருந்தது, அதை ஆற உட்கார்ந்து தின்ன அவளுக்கு நேரம் இல்லை. பங்குனியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு பால் வற்றிப் போனது. அப்புறம் பசும்பாலைத் தண்ணீர் கலந்து பாலாடையில் ஊட்டினோம். அத்தையின் குழந்தைக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றால் போய்க்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். திரும்பி வரும்போது அம்மா முந்தானையால் அதன் முகத்தை மூடியிருந்தாள்.

நீ அழுதாய். கடையை மூடிவிட்டு மூன்று நாள் அழுதாய். உன் அழுகை பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தக் குழந்தையைக் கொஞ்சியவன்தான் நீ. ஆனால் அதற்கு அடுத்த வாரம் நடந்ததற்கு இன்று வரைக்கும் உன்னை நான் மன்னிக்கவில்லை.

மத்தியானம் உனக்குச் சோறு எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டு நிறைய ஆட்கள். அவலூர்பேட்டை பஸ்ஸிலிருந்து மாமா இறங்கினார். பிள்ளைகள் நம் வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காத மனுஷன். குடித்திருந்தார். கடைக்கு முன்னால் நின்று கத்தினார்:

"உன் பொண்டாட்டி தன் புள்ளைக்குப் பால் குடுத்துட்டு என் புள்ளையக் காயப் போட்டுட்டா மச்சான். பட்டினி போட்டே கொன்னுட்டா."

சோடா குடித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். நான் உன்னைப் பார்த்தேன். நீ அந்த ஆளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவாய் என்று நினைத்தேன். நீ ஒரு சோடாவை எடுத்துக் கோலியைத் தட்டித் திறந்து அவர் கையில் கொடுத்தாய்.

"உக்காரு மாப்ள. மொதல்ல இத குடி."

அவர் மறுபடியும் அதையே சொன்னார். நீ அவர் தோளில் கையைப் போட்டாய்.

"வுடு மாப்ள. அவளும் இன்னா பண்ணுவா? பொம்பளைக்குத் தான் பெத்ததுன்னா கொஞ்சம் பாசம் தூக்கலாத்தான் இருக்கும்."

எந்த வார்த்தையும் நான் கூட்டிச் சொல்லவில்லை. அந்த ஆளைச் சமாதானப்படுத்த வேண்டும், பஸ் ஸ்டாண்டில் சண்டை வேண்டாம், எல்லாரும் உன்னைப் பொறுமைசாலி என்று சொல்ல வேண்டும். அதற்கு எதைக் கொடுப்பது என்று பார்த்தாய், அம்மாவைக் கொடுத்தாய். அவள் இல்லாத இடத்தில், அத்தனை பேர் முன்னால். "ஆமாம்பா, அது இயற்கைதானே" என்று ஒருத்தர் தலையாட்டினார். நான் சோற்றைப் பெஞ்சில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

எனக்கு முன்னாலேயே பேச்சு வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. அம்மா மைலோவில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்க மாமா வந்தாராமே?"

"ஆமா."

"உங்க நைனா இன்னா சொன்னாரு?"

சொன்னேன். அவள் முகம் மாறவில்லை. பொறுக்கி முடித்தாள், புடைத்தாள், உலையில் போட்டாள். எல்லாருக்கும் சாப்பாடு போட்டாள், உனக்கும் போட்டாள். நீ ஒன்றும் தெரியாதவன்போலச் சாப்பிட்டாய்.

மறுநாள் காலையில் வசந்தாவுக்கும் சின்னவளுக்கும் தலை வாரி, துவைத்த பாவாடை கட்டிவிட்டாள். துணி மூட்டையை என்னிடம் கொடுத்து வா என்றாள். சின்னவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வசந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். தேசூர் பஸ் உன் கடைக்கு நேராகத்தான் நிற்கும். நீ பார்த்துவிட்டு எழுந்து வந்தாய்.

"எங்க போற?"

"சீயமங்கலம்."

"இன்னாத்துக்கு?"

"என்னால எத்தினி முடியுமோ அத்தினிதான் வெச்சிக்க முடியும். வளக்கறேன்னு கேட்டவங்க இருக்காங்க. அவங்ககிட்ட குடுக்கப் போறேன்."

"ஊரு இன்னா பேசும்?"

"ஊரு நேத்தே பேசிட்டுது. நீதான் பேச வெச்ச."

பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஜன்னலில் வசந்தாவின் முகம் தெரிந்தது. நீ அப்படியே நின்றாய். கடையிலிருந்த ஒருத்தர் உன்னிடம், "இன்னாப்பா, உன் வீட்டம்மாவுக்குக் கல்நெஞ்சா இருக்குது" என்றார். "நான் இன்னா பண்றது சொல்லு" என்று கையை விரித்தாய். அதற்கப்புறம் யார் கேட்டாலும் அதுதான் உன் பதில்.

அம்மா சாயங்காலம் தனியாகத் திரும்பி வந்தாள். வசந்தா அழுதாளா என்று கேட்டேன். "அழுதா" என்றாள். கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவள், "நாளைக்கு நீ பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பு. நான் வந்து பெரிய டீச்சர்கிட்ட பேசறேன்" என்றாள். பேசினாள். ஒரு வருஷம் போனது போனதுதான், ஆனாலும் திரும்ப உட்கார்ந்தேன். அப்புறம் டிரெய்னிங், அப்புறம் வேலை. தெருவில் என்னை டீச்சர் என்று கூப்பிடுகிறார்களே, அந்தப் பேர் தேசூர் பஸ்ஸில் அம்மா ஏறியதால் வந்தது. முருகேசனும் நன்றாக வளர்ந்தான். அம்மா அவனுக்கும் என் தம்பிகளுக்கும் வித்தியாசம் காட்டியதில்லை, அவனைக் கேட்டாலே சொல்வான். சின்னத்தம்பி மட்டும் கடைசி வரைக்கும் பூஞ்சையாகவே இருந்தான். அது ஏன் என்று எனக்குத் தெரியும்.

அம்மா போனபோது வந்த கூட்டம் கொஞ்சம். நீ போனபோது பஸ் ஸ்டாண்டில் பெரிய பேனர் வைத்தார்கள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை வளர்த்த வள்ளல் என்று போட்டிருந்தார்கள். அதில் அம்மாவின் படம் இல்லை. நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆனாலும் அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். உன் பதினாறாம் நாளுக்கு வசந்தா சீயமங்கலத்திலிருந்து வந்தாள். பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். பெரிம்மா அவர்களை எப்படி வளர்த்தார் என்பது அவளைப் பார்த்தாலே தெரியும், நிமிர்ந்து நடக்கிற பெண். பந்தி முடிந்து பாத்திரம் கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கு நீ மாமா, அம்மா அத்தை.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நெனச்சிக்கக் கூடாது. அத்தைக்கு எங்க ரெண்டு பேரயும் ஏன் புடிக்காம போச்சு?"

"யார் சொன்னா அப்படி?"

"மாமாதான். எப்போ பாத்தாலும் சொல்வாரு. நான் வெச்சிருந்திருப்பேன் கண்ணு, உங்க அத்தைக்குத்தான் மனசு வரலைன்னு."

எப்போ பார்த்தாலும் சொல்வாராம். பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை சொன்னதோடு நீ நிறுத்தவில்லை. குடித்த ஆளை அடக்குவதற்காகச் சொன்னாய் என்றுகூட அதற்கு ஒரு சாக்கு இருந்தது. இதற்கு என்ன சாக்கு? நாலு வயசில் கையை விட்டுப் போன பிள்ளைக்கு, நல்லது கெட்டதுக்குப் பார்க்கிற போதெல்லாம் தலையைத் தடவி, இந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டியிருக்கிறாய். அவள் உன் மடியில் வந்து உட்கார வேண்டும் என்பதற்காக.

பாத்திரம் கழுவுகிற இடத்திலேயே அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டுக்கொட்டகைப் பக்கத்தில் அம்மா கேட்டதை, பந்தலில் நீ சொன்னதை, யாருக்கு முதலில் பால் கொடுத்தாள் என்பதை, அந்தச் சோடாவை. நான் முடித்ததும் வசந்தா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"வருஷா வருஷம் காணும் பொங்கலுக்கு அத்தை வருவாங்க. எங்களுக்குப் பாவாடைத் துணி, ஒரு வெடைக்கோழி. பெரிம்மாகூட பேசிட்டு இருப்பாங்க. நான் கிட்ட போவ மாட்டேன். வேணும்னே வயக்காட்டுக்குப் போயிடுவேன். அவங்க பஸ்ஸுக்கு நேரமாச்சு, நேரமாச்சுன்னு சொல்லினே உக்காந்திருப்பாங்களாம்."

கழுவிய தட்டை எடுத்து அடுக்கிவிட்டு, "கிட்ட போயிருக்கணும் அக்கா" என்றாள்.

அம்மா ஒவ்வொரு பொங்கலுக்கும் சீயமங்கலம் போய் வந்தது எனக்குத் தெரியும். அங்கே ஒரு பிள்ளை அவள் முகத்தைப் பார்க்காமல் வயலில் ஒளிந்துகொண்டது எனக்குத் தெரியாது. அவள் சொன்னதில்லை. எத்தனை வருஷம் அப்படி வெறும் கையோடு பஸ் ஏறித் திரும்பியிருப்பாள் என்று நினைக்கும்போது, நைனா, நீ எதிரில் இருந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

நீ கெட்டவன் இல்லை. அதைத்தான் எல்லாரும் எனக்குச் சொல்கிறார்கள். உனக்கு மனசு பெரிசு. ஆனால் அந்த மனசில் கொண்டுவந்து விட்டதையெல்லாம் மூட வேண்டியிருந்தது வேறொருத்தி. அவள் முடியாது என்று சொன்னதை நீ இரண்டு தடவை கேட்காமல் விட்டாய். மூன்றாம் தடவை அவள் தானே செய்துகொண்டபோது, அதை அவள் பேரில் குற்றமாக எழுதி வைத்துவிட்டுப் போனாய்.

நேற்று மத்தியானம் வசந்தா போன் செய்தாள். தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். இரண்டு பேரும் அழுதார்களாம். முருகேசனிடம் நாம்தான் சொல்ல வேண்டும் என்றாள். அது லேசான காரியம் இல்லை. உன் சோடாக் கடை இருந்த அதே இடத்தில்தான் அவன் இன்னும் கடை வைத்திருக்கிறான், தினம் காலையில் உன் படத்துக்குப் பூப்போட்டுவிட்டுத்தான் வியாபாரம் தொடங்குகிறான். "அவனுக்குக் கஷ்டமா இருக்கும் அக்கா. இந்த வயசுல எதுக்குன்னு கேப்பான்" என்றாள். கேட்கட்டும் என்றேன்.

அம்மா தன் கோபத்தை யாரிடமும் கொடுக்காமல் போய்விட்டாள். அதுதான் என்னிடம் இருக்கிறது. எனக்கும் எழுபது தாண்டிவிட்டது, முட்டி வலிக்கிறது, பஸ் ஏறுவது சிரமம்தான். ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக்கு வருகிறேன். கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து வருவேன். உன் படத்துக்கு முன்னால் நின்று, கடைக்கு வந்திருக்கிற எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, அவள் முதலில் யாருக்குப் பால் கொடுத்தாள் என்று சொல்லப்போகிறேன்.

உன் மகள்